சிறுநீர்ப்பைக்கான மருந்து: முடிவு செய்வது மருத்துவரா, பணப்பையா?

நமது நாடாளுமன்றச் செய்தியாளர்

புதுதில்லி: தண்டுவடத்தில் அடிபட்டவருக்கு என்ன தேவை என்று கேட்டால் சக்கர நாற்காலி, சாய்தளப் பாதை என்றே பெரும்பாலோர் கூறுவர். ஆனால், அவரது ஆயுளைப் பெரிதும் தீர்மானிப்பது சிறுநீர்ப்பை. தண்டுவடக் காயமடைந்தோரின் மரணத்துக்கு ஒரு காலத்தில் சிறுநீரகச் செயலிழப்பே முதன்மைக் காரணமாக இருந்தது. சிறுநீர்ப்பையைப் பராமரிக்கும் சிகிச்சை முறைகள் வளர்ந்த பிறகே அந்நிலை மாறியது. அந்தச் சிகிச்சையின் பலன் ஏழை நோயாளியைச் சென்றடைய வழி இருக்கிறதா என்பதே இப்போதைய கேள்வி.

கோளாறு என்ன?: மூளைக்கும் சிறுநீர்ப்பைக்கும் இடையிலான நரம்புத் தொடர்பு கெடுவதால் இக்கோளாறு ஏற்படுகிறது. விபத்து மட்டுமன்றி, பிறவித் தண்டுவடக் குறைபாடு, மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், பார்க்கின்சன் நோய், பக்கவாதம், நீரிழிவு ஆகியவையும் இதற்குக் காரணமாகலாம். சிலருக்குப் பை கட்டுப்பாடின்றிச் சுருங்கிச் சிறுநீர் கசியும். வேறு சிலருக்குப் பை சுருங்காமல் சிறுநீர் தேங்கும். பை சுருங்கும் அதே நேரத்தில் அதன் வாயிலில் உள்ள தசை திறக்க மறுத்தால் உள்ளழுத்தம் உயர்ந்து சிறுநீரகங்கள் பழுதடையும்.

கசிவு வெளியே தெரியும்; அழுத்தம் தெரியாது. எனவே, அழுத்தத்தை அளக்கும் 'யூரோடைனமிக்' சோதனைக்குப் பிறகு மருந்தைத் தேர்வு செய்வதே முறை. சுருங்காத பைக்கு, சுருக்கத்தைக் குறைக்கும் மாத்திரையைக் கொடுத்தால் தேக்கம் மேலும் கூடும்.

மாத்திரைகள் எத்தகையவை?: கட்டுப்பாடின்றிச் சுருங்கும் பைக்கு நெடுங்காலமாகத் தரப்படுவது ஆக்சிபியூட்டினின். அமெரிக்காவில் 1975-ல் அனுமதி பெற்ற இம்மருந்தின் விலை ஒப்பீட்டளவில் குறைவு. வாய் வறட்சி, மலச்சிக்கல், பார்வை மங்கல் ஆகியவை இதன் பக்க விளைவுகள். இது மூளைக்குள்ளும் எளிதில் செல்வதால் முதியோருக்கு மனக்குழப்பமும் மறதியும் உண்டாகக்கூடும். தண்டுவடக் காயமடைந்தோருக்கு ஏற்கெனவே மலச்சிக்கல் இருப்பதால், மருந்தால் அது மேலும் முற்றுவது சிறிய தொல்லை அல்ல.

பின்னர் வந்த டோல்டரோடின், சோலிபெனாசின், டாரிபெனாசின், ட்ரோஸ்பியம் ஆகியவையும் இதே வகையைச் சேர்ந்தவை. பலனில் இவற்றுக்கிடையே பெரிய வேறுபாடு இல்லை. பக்க விளைவுகளில்தான் வேறுபாடு. ட்ரோஸ்பியம் மூளைக்குள் மிகக் குறைவாகவே செல்லும். ஆனால் அதை வெறும் வயிற்றில் உட்கொள்ள வேண்டும்.

மிராபெக்ரான் வேறு வழியில் பையைத் தளர்த்துகிறது. அமெரிக்காவில் 2012-ல் அனுமதி பெற்ற இம்மருந்தை இன்று இந்திய நிறுவனங்கள் பலவும் விற்கின்றன. வாய் வறட்சியும் மலச்சிக்கலும் இதில் குறைவு. எனினும் ரத்த அழுத்தம் உயரக்கூடும்; கட்டுக்கடங்காத உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு இது ஆகாது. நரம்புக் கோளாறு உள்ளவர்களிடம் இது பையின் உள்ளழுத்தத்தை எவ்வளவு குறைக்கிறது என்பதற்கான சான்றுகள், பழைய மருந்துகளுக்கு உள்ள அளவுக்கு இல்லை.

ஊசியும் குழாயும்: மாத்திரைகள் பலனளிக்காதபோது போடுலினம் நச்சு மருந்தைச் சிறுநீர்ப்பையின் சுவரில் ஊசி மூலம் செலுத்துகின்றனர். அமெரிக்காவில் இப்பயன்பாட்டுக்கு 2011-ல் அனுமதி கிடைத்தது. பலருக்குப் பலன் பல மாதங்கள் நீடிக்கும். பிறகு மீண்டும் செலுத்த வேண்டும். செலவு அதிகம். சிறுநீர் தேங்கக்கூடும் என்பதால், தாமே கதீட்டர் குழாய் செருகிச் சிறுநீரை வெளியேற்ற நோயாளி ஆயத்தமாக இருக்க வேண்டும்.

எந்த மருந்தானாலும், பையைத் தாமாகக் காலி செய்ய இயலாதவர்களுக்கு அதனுடன் கதீட்டரும் தேவை. தூய்மையான குழாயை நாள்தோறும் பல முறை செருகி எடுக்கும் முறையை அமெரிக்க மருத்துவர் ஜாக் லாபிடஸ் 1972-ல் வெளியிட்டார். எளிமையான இம்முறை பலரின் சிறுநீரகங்களைக் காப்பாற்றியது.

சட்டம் இருக்கிறது: நாடாளுமன்றம் 2016 டிசம்பரில் நிறைவேற்றிய மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 24-வது பிரிவு, வருமான வரம்புக்கு உள்பட்டு மருந்து, நோயறி சோதனை, உதவிச் சாதனங்கள் ஆகியவற்றை இலவசமாக வழங்குவது பற்றிப் பேசுகிறது. ஆனால், அரசின் பொருளாதாரத் திறனுக்கு உள்பட்டே இவை என்றும் அப்பிரிவு கூறுகிறது.

மத்திய அரசு 2018 செப்டம்பரில் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ. 5 லட்சம் வரை மருத்துவமனைச் செலவை ஏற்கிறது. மருத்துவமனையிலிருந்து திரும்பிய பிறகு 15 நாள்களுக்கான மருந்தும் இதில் அடங்கும். சிறுநீர்ப்பைக்கான மாத்திரையோ ஆயுள் முழுவதும் தேவைப்படக்கூடியது. பதினாறாம் நாள் முதல் அதற்கு இத்திட்டத்தில் இடமில்லை.

விளைவை ஊகிப்பது கடினமல்ல. விலை குறைந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாத ஏழை நோயாளி, விலை கூடிய வேறொன்றுக்கு மாற இயலாமல் சிகிச்சையையே நிறுத்திவிடக்கூடும். உள்ளழுத்தம் சத்தமின்றி உயரும். சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸுக்கு வரும்போது அரசு செலவழிக்கும். அந்த நிலை வராமல் தடுத்திருக்கக்கூடிய மாத்திரைக்கும் குழாய்க்கும் நோயாளியே செலவழிக்க வேண்டும்.

புறநோயாளிகளுக்கான மருந்தை அரசே வழங்குவது இந்த நாட்டில் புதிதல்ல. மத்திய அரசு ஊழியர்களுக்கான சுகாதாரத் திட்டம் அதைத்தான் செய்கிறது. 24-வது பிரிவைச் சட்டமாக்கிய நாடாளுமன்ற உறுப்பினர்களும் அத்திட்டத்தின் பயனாளிகளே. அந்த வசதி, அவர்கள் யாருக்காகச் சட்டம் இயற்றினார்களோ அவர்களுக்கு எப்போது கிடைக்கும் என்பதை அவையில் கேட்க வேண்டியவர்களும் அவர்களே.