இணைப்புத் தரவும் ஏற்புச் சோதனையும்

வலையில் ஆவணங்கள் ஒன்றோடொன்று இணைக்கப்படுவது போலத் தனித்தனித் தரவுகளும் இணைக்கப்படல் வேண்டும் என்னும் கருத்தை ரிம் பேர்ணர்ஸ்-லீ 2006ஆம் ஆண்டில் நான்கு விதிகளாக வகுத்துரைத்தார். அவ்வாறு அமைவதே இணைப்புத் தரவு எனப்படும். இதில் ஒவ்வொரு செய்தியும் எழுவாய், பண்பு, மதிப்பு என்னும் மூன்று உறுப்புக்கள் கொண்ட கூற்றாகின்றது. எழுவாயாக வரும் ஆளுக்கும் ஊருக்கும் நூலுக்கும் தனித்த வலை முகவரி உண்டு. அம்முகவரியைப் பிறரும் எடுத்தாளலாம் என்பதே இம்முறையின் வலிமை. ஓரிடத்துப் பிழை பலவிடத்தும் பரவுவதற்கு வழியாவதும் அதுவே. எனவே, வெளியிலிருந்து பெருந்தொகையான தரவுகளை இத்தகைய தளமொன்றினுள் கொணரும்போது அவற்றை எங்கே நிறுத்துவது, எவ்வாறு சோதிப்பது, ஏற்பவர் யார் என்னும் வினாக்கள் எழுகின்றன.

பிறீபேஸ் தரவுகள் விக்கித்தரவுக்குச் சென்ற வரலாறு இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். 2007இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட பிறீபேஸ், 2010இல் கூகிள் நிறுவனத்தின் உடைமையாயிற்று. அதனை மூடவிருப்பதாக அந்நிறுவனம் 2014 டிசெம்பரில் அறிவித்தது. அதிலிருந்த கூற்றுக்களை 2012இல் தோன்றிய விக்கித்தரவினுள் ஒருசேரக் கொட்டிவிடுதல் கணனிக்கு அரிய செயலன்று. ஆயினும் அவ்வாறு செய்யப்படவில்லை. பிறீபேஸ் கூற்றுக்கள் பலவற்றுக்குச் சான்று குறிக்கப்பட்டிருக்கவில்லை. விக்கித்தரவில் உழைத்த தன்னார்வலரோ சான்றினை வற்புறுத்தினர். ஆகவே, முதன்மைச் சான்றுக் கருவி எனப் பொருள்படும் பெயருடன் ஒரு கருவி ஆக்கப்பட்டது. வந்த கூற்றுக்கள் அதிலே காத்திருந்தன. பயனர் ஒவ்வொரு கூற்றையும் அதற்குக் காட்டப்பட்ட சான்றுடன் ஒப்புநோக்கி ஏற்றனர் அல்லது தள்ளினர். இவ்வாறு தரவு காத்திருக்கும் இடத்தையே இடைநிலைக் களம் என்கிறோம்.

இக்களத்தை அமைப்பதற்கு ஆர்.டி.எஃப். என்னும் தரவு மாதிரியே இடந்தருகின்றது. அதன் 2014ஆம் ஆண்டுப் பதிப்பு, கூற்றுத் தொகுதியொன்றுக்குப் பெயரிட்டுத் தனியே வைத்திருக்க வகைசெய்தது. புதிதாக வரும் தொகுதியை அவ்வாறு பெயரிட்டு வைத்தால், அது எங்கிருந்து, எப்போது வந்தது என்பதையும் உடன் பதியலாம். பிழையெனக் கண்டால் ஏனைய தரவுகளுக்கு ஊறின்றி முழுவதையும் அகற்றலாம்.

அடுத்தது சோதனை. இணைப்புத் தரவின் தருக்கம் திறந்த உலகு என்னும் கொள்கையை அடியாகக் கொண்டது. அதாவது, சொல்லப்படாத ஒன்று பொய்யாகிவிடாது. இன்னும் அறியப்படாததாகவே கொள்ளப்படும். மேலும், அங்குள்ள அனுமான விதிகள் தரவைத் தடுப்பதற்கன்றிப் புதிய முடிபுகளைப் பெறுவதற்கே உரியன. நூலாசிரியர் என்னும் பண்பின் மதிப்பு மனிதரே என ஒரு விதி உண்டெனக் கொள்வோம். தவறுதலாக ஒரு நூலுக்கு ஆசிரியர் யாழ்ப்பாணம் என்று பதியப்பட்டால், அவ்விதி பிழையைச் சுட்டாது. யாழ்ப்பாணம் ஒரு மனிதர் என்றே முடிபு கூறும். ஆதலின் சோதனைக்கு வேறொரு கருவி வேண்டியதாயிற்று. 2017இல் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு பரிந்துரைத்த ஷாக்கிள் என்னும் மொழி அத்தகையது. நூலுக்கு ஆசிரியர் ஒருவரேனும் இருத்தல் வேண்டும், பிறந்த ஆண்டு இறந்த ஆண்டுக்கு முந்தியதாதல் வேண்டும் என்பன போன்ற நிபந்தனைகளை அதில் எழுதலாம். மீறல், எச்சரிக்கை, தகவல் எனக் குறைகளைத் தரம்பிரித்தும் அது அறிக்கை தரும்.

எனினும் வடிவம் செம்மையாயிருத்தல் வேறு, செய்தி உண்மையாயிருத்தல் வேறு. ஆண்டு மாத்திரம் தெரிந்த ஒருவரின் பிறந்த நாளை அவ்வாண்டு ஜனவரி முதலாந் திகதி எனப் பதிந்தால், நிபந்தனை எதுவும் மீறப்படுவதில்லை. ஆறுமுக நாவலர் (1822–1879) பெயரில் நாவலர் என்பது திருவாவடுதுறை ஆதீனம் வழங்கிய பட்டம். அதனைக் குடும்பப் பெயரெனக் கொள்ளும் பட்டியலும் வடிவச் சோதனையில் தேறிவிடும். முதற்பெயர், குடும்பப் பெயர் என்னும் மேலைநாட்டுப் பகுப்பையே பொதுவிதியாகக் கொண்ட படிவம் இப்பிழையைக் கண்டுகொள்ளாது. அம்மொழியும் வரலாறும் அறிந்தவரே அதனைக் காண்பர்.

மனிதர் நோக்குதற்குக் காலமும் உழைப்பும் தேவை என்பது உண்மையே. பிறீபேஸிலிருந்து பரிசீலனைக்கு வந்த பல இலட்சக்கணக்கான கூற்றுக்களுள் மிகச் சிறு பகுதியே பயனரின் கைபட்டு நிறைவேறியது. ஆகவே எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்ப்பதென்னும் முறை தனித்து நிற்கவல்லதன்று. இயந்திரம் ஐயமின்றிச் சரிபார்க்கத்தக்கவற்றை அதனிடமே விடலாம். அவ்வாறு தேறியவற்றுள்ளும் சிலவற்றை மாதிரிக்கெடுத்து நோக்கலாம். ஆனால், இரு பதிவுகள் ஒரே ஆளைக் குறிப்பன என்று இணைக்கும் கூற்றுக்களை மனிதர் தீர்ப்புக்கே ஒதுக்குதல் வேண்டும். ஏனெனில், ஒரே பெயருடைய இருவர் ஒருவராக்கப்பட்டால், ஒருவரின் நூல்களும் வாழ்க்கையும் மற்றவருக்குரியனவாகிவிடும். அப்பிணைப்பைப் பிறர் எடுத்தாண்டபின் பிரித்தெடுத்தல் அரிது.

ஆகவே, இடைநிலைக் களத்தை வெறும் தொழினுட்பத் தாமதமாகக் கருதுதல் பொருந்தாது. யாருடைய வரலாறு எவ்வாறு பதியப்படுகின்றது என்பதை, அது பொது அறிவாக நிலைபெறுமுன் வினவுவதற்குரிய இடம் அது. கூற்றைத் தள்ளியவர் காரணத்தையும் பதிதல் வேண்டும்; அக்காரணம் தரவைத் தந்தவரிடம் திரும்பிச் செல்லுதல் வேண்டும். அன்றேல் அதே பிழை அடுத்த தொகுதியிலும் வந்து சேரும்.