இரண்டாவது மின்கிதார்

புல்லாங்குழல் வித்துவான் கச்சேரிக்கு வரும்பொழுது அவருடைய பையில் ஒரே ஒரு குழல் இருப்பதில்லை. மிருதங்க வித்துவானும் பாடகரின் சுருதியை விசாரித்துக்கொண்டே எந்த மிருதங்கத்தை எடுத்துச் செல்வது என்று முடிவு செய்கிறார். நாகஸ்வரத்தில் குட்டையான திமிரி உண்டு. நீண்ட பாரியும் உண்டு. திருவாவடுதுறை டி. என். ராஜரத்தினம் பிள்ளை தாழ்ந்த சுருதியுடைய பாரியை மேடைக்கு உரியதாக்கிப் புகழ் பெறச் செய்தார் என்பது இசை அன்பர்கள் அறிந்த செய்தி. திமிரியில் குறை கண்டு அவர் அதைச் செய்தார் என்று கூற முடியாது. வீதியில் சுவாமி புறப்பாட்டுக்கு முன்னால் எட்ட ஒலிக்க வேண்டிய கருவி வேறு. மண்டபத்தில் அமர்ந்து இராகத்தை விரித்து ஆலாபனை செய்வதற்கு வேண்டிய கருவி வேறு.

இவர்களை யாரும் ஏன் இரண்டு என்று கேட்பதில்லை. மின்கிதார் வாசிக்கும் இளைஞனை மட்டும் வீட்டார் கேட்கிறார்கள். அந்தக் கேள்வி நியாயமானதே. ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கக்கூடிய பொருளை வாங்க நினைப்பவன் அதற்கு விடை கூறக் கடமைப்பட்டவன்.

தென் தில்லியில் முனிர்காவை எடுத்துக்கொள்வோம். பழைய கிராமத்தின் குறுகிய சந்துகளில் நான்கு, ஐந்து மாடிகளாக உயர்ந்து நிற்கும் வீடுகள்; ஒவ்வொரு மாடியிலும் வாடகை அறைகள். ஒரு பக்கம் ராமகிருஷ்ணபுரமும் மலை மந்திரும். மற்றொரு பக்கம் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம். உத்தியோகத்துக்கும் படிப்புக்கும் வந்த தமிழர்கள் இப்பகுதியில் நெடுங்காலமாக வாழ்ந்துவருகிறார்கள். இத்தகைய அறையொன்றில் ஓர் இளைஞன் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகைக் கிதார் ஒன்றை வைத்திருக்கிறான் என்று கொள்வோம். அது அவனுக்கு உயிர். அதற்குத் துணையாக மற்றொன்று வாங்க விரும்புகிறான். எதை வாங்குவது?

பெரும்பாலோர் முதலில் நினைப்பது, அதே வகையில் விலை உயர்ந்த ஒன்றையே. என் அபிப்பிராயத்தில் அதுவே வீண் செலவு. புதியது சிறந்ததாக அமைந்தால் பழையது மூலையில் சார்த்தப்படும். அமையாவிட்டால் புதியது சார்த்தப்படும். எப்படியும் கையில் இருப்பது ஒன்றுதான். முதற்கருவியால் இயலாத காரியம் எதுவோ, அதைச் செய்வதற்கே இரண்டாவது கருவி வர வேண்டும்.

அந்தக் காரியம் எது என்பதைக் காண, கருவியின் அமைப்பைச் சிறிது நோக்க வேண்டும். மின்கிதாரின் தந்திகளுக்கு அடியில் பிக்கப் என்னும் காந்தச் சுருள் இருக்கிறது. எஃகுத் தந்தி அதன் மேல் அதிரும்பொழுது சுருளில் சிறு மின்னோட்டம் எழுகிறது. அதை ஒலிபெருக்கி பெரிதாக்குகிறது. ஃபெண்டர் நிறுவனம் 1954-இல் வெளியிட்ட ஸ்ட்ராட்டோகாஸ்டரில் இத்தகைய ஒற்றைச் சுருள்கள் மூன்று. அவற்றின் ஒலி பளிங்குபோல் தெளிவானது. ஆனால் சுருள் என்பது வானொலியின் ஏரியலைப் போன்றது. தந்தியின் அசைவை மட்டுமன்றி, சுற்றிலும் உள்ள மின்கம்பிகளின் இரைச்சலையும் அது பிடித்துக்கொள்ளும். நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 முறை அலைவது. முனிர்காவின் மாடிப்படிகளில் கொத்துக் கொத்தாகத் தொங்கும் கம்பிகளைக் கண்டவர்களுக்கு, அங்கே ஒற்றைச் சுருள் கிதார் ஏன் ஓயாமல் ஊங்காரமிடுகிறது என்பதை விளக்க வேண்டியதில்லை.

இதற்கு மாற்று ஒன்றைக் கிப்சன் நிறுவனத்துப் பொறியாளர் சேத் லவர் கண்டார். 1955-இல் அவர் காப்புரிமை கோரிய ஹம்பக்கர் என்னும் அமைப்பில் இரண்டு சுருள்கள் அருகருகே உள்ளன. ஒன்றின் சுற்றும் காந்த முனையும் மற்றதற்கு நேர் எதிரானவை. வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் எதிரெதிராக எழுந்து தம்முள் அழிந்துவிடுகிறது; தந்தியின் ஒலியோ இரண்டிலும் ஒன்றுகூடி வலுப்பெறுகிறது. இந்த நன்மைக்கு ஒரு விலையும் உண்டு. தந்தியை ஒரே இடத்தில் கேளாமல் இரண்டு இடங்களில் கேட்பதால், மிக நுண்ணிய உச்ச ஒலிகள் சற்று மங்குகின்றன. ஒலி தடித்து, இனிமையாகி, நீண்டு நிற்கிறது. 1957 முதல் லெஸ் பால் கிதார்களில் இது இடம்பெற்றது. ஸ்ட்ராட்டோகாஸ்டரை நேசிப்பவனுக்கு இவ்வகையே இயற்கையான துணை. லெஸ் பால் வைத்திருப்பவன், மாறாக, டெலிகாஸ்டர் போன்ற ஒற்றைச் சுருள் கருவியை நாட வேண்டும்.

அடுத்தது தந்தியின் நீளம். குதிரையிலிருந்து தண்டியின் மேல்முனை வரை ஃபெண்டரில் 25½ அங்குலம். கிப்சனில் ஏறக்குறைய 24¾ அங்குலம். முக்கால் அங்குலம் என்ன செய்துவிடும் என்று கேட்கலாம். ஒரே தந்தியை ஒரே சுருதியில் நிறுத்த வேண்டிய இழுவிசை நீளத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே குட்டையான கருவியில் அது நூற்றுக்கு ஆறு பங்கு குறைகிறது. விரலுக்கு அந்த வேறுபாடு உடனே தெரியும். தந்தியை இழுத்துக் கமகம் வாசிப்பவருக்கு அது பெரிய உதவி.

கமகம் என்றதும் நம் கர்நாடக இசையின் நினைவு வருவது இயல்பு. இங்கேதான் தமிழ் இளைஞனுக்கு இரண்டாவது கருவியின் அவசியம் உண்மையாகவே எழுகிறது. யூ. ஸ்ரீனிவாஸ் மாண்டலினைக் கச்சேரிக் கருவியாக்கியபொழுது, இரட்டை இரட்டையாக எட்டுத் தந்திகள் கொண்ட வழக்கமான மாண்டலினை விடுத்து, ஐந்து ஒற்றைத் தந்திகளையுடைய மின் மாண்டலினைக் கைக்கொண்டார். இரட்டைத் தந்தியை இழுத்துச் சுத்தமாகக் கமகம் பிடிப்பது எளிதன்று. மின்கிதாரில் சுகுமார் பிரசாத்தும், அவருக்குப் பின் ஆர். பிரசன்னாவும் கீர்த்தனைகள் வாசித்து, இக்கருவிக்கும் நம் சங்கீதத்துக்கும் பகை இல்லை என்பதை மெய்ப்பித்தனர். ஜான் மெக்லாஃப்ளின் சக்தி குழுவில் வாசித்த கிதாரில், மெட்டுகளுக்கு இடையிலுள்ள மரம் குழிவாகச் செதுக்கப்பட்டிருந்தது. வீணையில் மெட்டுகளுக்கு நடுவே விரல் அழுந்த இடம் இருப்பதைப் போன்றதே அது.

நம் இளைஞன் மாலையில் மேல்நாட்டுப் பாட்டும், காலையில் ஒரு மோகனமும் வாசிக்க விரும்பினால், ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ என்னும் வழக்கமான சேர்க்கை இரண்டாவதற்கு அவ்வளவாக உதவாது. டி, ஏ, டி, ஜி, ஏ, டி என்று சேர்த்தால், டி-யை ஆதாரமாகக் கொண்டு ஸ, ப, ஸ, ம, ப, ஸ கிடைக்கும். மீட்டும்பொழுதே தம்பூராவின் நிழல் உடன் வரும். இதற்கு மூன்று தந்திகளை ஒரு முழு ஸ்வரம் இறக்க வேண்டும். இறக்கிய தந்தி ஒவ்வொன்றிலும் இழுவிசை ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. ஸ்ட்ராட்டோகாஸ்டரின் குதிரையோ பல கருவிகளில் பின்புறச் சுருள்வில்களின் பலத்தில் மிதந்து நிற்பது. தந்திகளின் இழுப்பு குறைந்தால் வில்கள் குதிரையைப் பின்னுக்கு இழுக்கும். தொடாத மூன்று தந்திகளும் சுருதி ஏறிவிடும். அவற்றைத் திருத்தினால் முதலில் இறக்கியவை பிசகும். தினந்தோறும் இருமுறை இந்தப் போராட்டம் நடத்துபவனுக்குச் சாதகம் செய்ய நேரம் ஏது? தந்தி அறுவதும் உண்டு.

ஆதலின், குதிரை அசையாமல் பதிந்திருக்கும் கருவி ஒன்றை ஸ ப ஸ சேர்க்கையிலேயே நிலையாக வைத்துவிடுவதுதான் என் யோசனை. முதற்கருவியை யாரும் தொந்தரவு செய்யாமல் அது தன் வழியில் இருக்கட்டும். குட்டை நீளமுள்ள கிதாரில் இறக்கிய தந்தி தளர்ந்து மெட்டில் உரசுமே என்றால், அந்த மூன்றை மட்டும் ஒரு படி தடித்த தந்தியாக மாற்றிக்கொள்ளலாம்.

வேற்றுமை ஒலியில் இருக்க வேண்டும். கைக்கு வேற்றுமை கூடாது. தண்டியின் பருமனும் அகலமும் பழகிய கருவியை ஒத்திருந்தால், ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறும்பொழுது விரல்கள் தடுமாறா. எடையையும் பார்க்க வேண்டும். ஒரு மணி நேரம் தோளில் சுமப்பது நாம் அல்லவா?

முனிர்காவிலிருந்து மெட்ரோவில் ஹௌஸ் காஸ் சென்று வண்டி மாறினால் ராஜீவ் சௌக். கன்னாட் பிளேஸ் கடைகளுக்கு அவ்வளவே தூரம். போகும்பொழுது சொந்தக் கிதாரையும் உடன் கொண்டுபோக வேண்டும். இரண்டையும் ஒரே ஒலிபெருக்கியில், ஒரே அளவு சத்தத்தில் கேட்பது இன்றியமையாதது. ஹம்பக்கர் இயல்பாகவே உரத்து ஒலிப்பது. உரத்ததையே நல்லதென்று நினைப்பது காதின் பலவீனம். கடைக்காரருக்கு அது நன்றாகத் தெரியும். பிறகு முதல் மெட்டிலும் கடைசி மெட்டிலும் ஒரே தந்தியை ஒருசேர அழுத்திப் பிடித்து, நடுவே ஏழாவது மெட்டருகில் இடைவெளியைப் பார்க்க வேண்டும். ஒரு காகிதம் நுழையுமளவு இருந்தால் தண்டி சரியாக உள்ளது. பன்னிரண்டாவது மெட்டில் அழுத்தி வாசித்த ஸ்வரமும், அதே இடத்தில் விரலை லேசாகத் தொட்டு எழுப்பும் ஸ்வரமும் ஒன்றாக ஒலிக்க வேண்டும். வேறுபட்டால் குதிரையைத் திருத்தித் தரும்படி அங்கேயே கேட்டுவிடலாம்.

தில்லியின் ஆகஸ்டு ஈரத்தில் வாங்கிய கிதாரின் தண்டி, ஜனவரிக் குளிரில் சற்றே வளைவு மாறும். தண்டியினுள் ஓடும் இரும்புக் கம்பியைக் கால் சுற்றுக்கு மேல் திருகாமல் ஒரு நாள் விட்டு மறுபடி பார்ப்பது நல்லது.