கடலோரப் பாடசாலையும் காதில் விழும் ஆங்கிலமும்

திருகோணமலை நகரிலிருந்து நிலாவெளி, இறக்கக்கண்டி ஊடாகப் புல்மோட்டை நோக்கி வடக்கே செல்லும் வீதியில், 30 கிலோமீற்றருக்குச் சற்று அதிகமான தொலைவில் அமைந்துள்ளது குச்சவெளி. தமிழ் மக்களும் முஸ்லிம் மக்களும் அயலவர்களாக வாழும் கடலோரப் பிரதேசம் அது. அங்குள்ள சில்லறைக் கடைகளுக்குச் சவர்க்காரம் வாங்கச் செல்லும் சிறுவன், சன்லைட், லைஃப்போய், சர்ஃப் என்ற பெயர்களைத் தடுமாற்றமின்றிச் சொல்வான். இவற்றுள் முதலாவது 1884ஆம் ஆண்டிலும் இரண்டாவது 1894ஆம் ஆண்டிலும் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தவை. இன்று அவை எமது இல்லச் சொற்களாகவே மாறிவிட்டன.

ஆயினும் அச்சொற்களின் பொருள் யாது? சன்லைட் என்றால் சூரிய ஒளி. லைஃப்போய் என்றால் கடலில் தத்தளிப்பவரை நோக்கி வீசப்படும் உயிர்காப்பு மிதவை. சர்ஃப் என்றால் கரையில் நுரைத்து உடையும் அலை. தென்னிந்தியத் தொலைக்காட்சி விளம்பரங்களில் வரும் டைட் என்ற சலவைத் தூளின் பெயரோ கடலின் வற்றுப்பெருக்கைக் குறிப்பது. இந்நான்கையும் கடற்றொழிலாளர் குடும்பத்துப் பிள்ளையொருவன் நாள்தோறும் தன் வாசலிலேயே காண்கிறான். அவற்றுக்குரிய ஆங்கிலச் சொற்களையும் நாள்தோறும் உச்சரிக்கிறான். எனினும், கண் காண்பதையும் வாய் சொல்வதையும் இணைத்துக் காட்டுவதற்குப் பெரும்பாலும் எவரும் முன்வருவதில்லை. இடைநிலை வகுப்புகளில் ஆங்கிலம் கற்பித்தல் பற்றி நாம் இங்கு கூற விழைவது இந்த இணைப்பைப் பற்றியே ஆகும்.

எமது பாடசாலைகளில் தரம் 1இல் வாய்மொழிப் பயிற்சியாகத் தொடங்கும் ஆங்கிலம், தரம் 3 முதல் முறையான பாடமாகின்றது. தரம் 11இல் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றும்போது மாணவர் 9 ஆண்டுகள் அப்பாடத்தைப் பயின்றிருப்பர். 9 ஆண்டுகள் கற்ற பின்னரும், வழி கேட்கும் வெளிநாட்டவர் ஒருவருக்கு இரண்டு வாக்கியங்களில் விடை கூறத் தயங்கும் பிள்ளைகளை நாம் நாடெங்கும் காண்கிறோம். ஆங்கிலத்தில் சித்தியடையாமலேயே உயர்தர வகுப்புக்குச் செல்லலாம் என்பதால் பலர் அப்பாடத்தை முன்கூட்டியே கைவிட்டு விடுகின்றனர். ஆனால் மருத்துவம், பொறியியல், விஞ்ஞானம் முதலான பீடங்களுக்குள் நுழைந்த முதல் நாளிலேயே கைவிட்ட அம்மொழி எதிரில் வந்து நிற்கிறது.

இது தமிழ் பேசும் மக்களுக்கு மாத்திரம் உரிய பிரச்சினையன்று. 1945ஆம் ஆண்டு இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்ததும், அதனைத் தொடர்ந்து தாய்மொழிக் கல்வி பரவியதும் எமது நாட்டின் பெரும் சாதனைகள். எனினும், ஆங்கிலம் நகரத்து வசதி படைத்தோரின் உடைமையாகவே எஞ்சியது. தெற்கின் கிராமங்களிலிருந்து பல்கலைக்கழகம் சென்ற சிங்கள மாணவர் ஆங்கிலத்துக்கு இட்ட பெயர் 'கடுவ' என்பதாகும். அதன் பொருள் வாள். தம்மை வெட்டி ஒதுக்கும் ஆயுதமாகவே அவர்கள் அம்மொழியைக் கண்டனர். 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக ஏற்று, ஆங்கிலத்தை இணைப்பு மொழியாக அறிவித்தது. இணைப்பு மொழி என்பது சட்டப் புத்தகத்தின் சொல்லாகும். கிராமத்துப் பிள்ளைக்கு அது இன்னமும் பிரிக்கும் மொழியாகவே இருந்து வருகின்றது.

குச்சவெளிப் பிரதேசத்தில் இந்தப் பிரிவின் விலை அதிகம். போரும் இடப்பெயர்வும் இப்பிரதேசத்துப் பிள்ளைகளின் கல்வியைப் பல ஆண்டுகள் குலைத்தன. 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியது. அதன் பின்னர் உதவி நிறுவனங்கள் கிழக்குக் கரையெங்கும் வந்தபோது, ஆங்கிலம் அறிந்த இளைஞருக்கே அவற்றில் தொழில் எளிதிற் கிட்டியது. 2009இல் போர் முடிவுற்ற பின்னர் நிலாவெளிக் கரையும், 2003இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட புறாத்தீவும் உல்லாசப் பயணிகளைப் பெருமளவில் ஈர்க்கத் தொடங்கின. விடுதிகள் எழுகின்றன. அவ்விடுதிகளின் வரவேற்பு மேசையில் இம்மண்ணின் பிள்ளைகள் அமர்வார்களா, அல்லது சமையலறையின் பின்புறத்தில் பாத்திரம் கழுவுவதுடன் நின்று விடுவார்களா என்பதை நிர்ணயிக்கும் காரணிகளுள் முதன்மையானது ஆங்கிலமே. மத்திய கிழக்கு நாடுகளுக்குத் தொழில் தேடிச் செல்வோரின் நிலையும் இதுவேயாகும்.

நகரத்துப் பிள்ளைக்குத் தனியார் வகுப்புகள் உண்டு. ஆங்கில நூல்களும் ஆங்கிலம் பேசும் உறவினரும் உண்டு. குச்சவெளிப் பிள்ளைக்கு இவை அரிது. ஆயினும் விளம்பரம், தொலைக்காட்சி, பாடல் ஆகிய மூன்றும் இருவருக்கும் பொதுவானவை. ஊதியம் கேளாத இந்த மூன்று ஆசிரியர்களையும் வகுப்பறைக்குள் அழைத்து வருவது எவ்வாறு என்பதே கேள்வி.

முதலில் விளம்பரத்தை எடுத்துக் கொள்வோம். விளம்பர வாசகம் குறுகியது; பெரும்பாலும் ஏவல் வினையில் அமைவது; திரும்பத் திரும்ப ஒலிப்பது. வாங்குங்கள், பருகுங்கள், முயன்று பாருங்கள் என்று அது பேசுகிறது. ஏவல் வாக்கியத்தைக் கற்பிக்க இதனினும் எளிய எடுத்துக்காட்டு கிடைப்பது கடினம். ஒப்பீட்டுப் பெயரடைகளும் அவ்வாறே. ஒரு சலவைத் தூள் உடையை 'அதிக வெண்மையாக' ஆக்கும் என்கிறது விளம்பரம். எதனைவிட அதிக வெண்மை என்பதை அது கூறுவதில்லை. மாணவர் ஆங்கிலத்தில் அந்தக் குறையை நிரப்பி வாக்கியத்தை முழுமையாக்கும்போது இலக்கணமும் பயில்கின்றனர். விளம்பரம் மறைக்கும் விடயத்தைக் கேள்விக்குட்படுத்தவும் பயில்கின்றனர்.

விளம்பரத்தின் பிழைகளும் பாடமாகலாம். 1997ஆம் ஆண்டு அப்பிள் கணினி நிறுவனம் வெளியிட்ட 'திங்க் டிஃபரன்ட்' என்ற வாசகத்தில், பாடநூல் இலக்கணத்தின்படி வினையடை வரவேண்டிய இடத்தில் பெயரடை வந்திருக்கிறது. 2003 முதல் மக்டொனால்ட்ஸ் உணவகங்கள் பயன்படுத்தும் 'ஐ ஆம் லவிங் இட்' என்ற வாசகமோ, வழக்கமாகத் தொடர்வினையாக வராத வினைச்சொல்லை அவ்வடிவில் அமைத்துள்ளது. இவற்றைக் கரும்பலகையில் எழுதி, ஏன் இவ்வாறு எழுதினர் என்று ஆசிரியர் வினவுவாராயின், விதியும் விலக்கும் ஒரே பாடவேளையில் விளங்கிவிடும். ஒரு மொழியில் தவறைக் கண்டுபிடிக்க முடிந்த மாணவனுக்கு அம்மொழி மீதான அச்சம் பாதியாகக் குறைந்துவிடுகின்றது.

விளம்பரத்தின் உத்தியைக் கல்விக்குப் பயன்படுத்தலாம் என்பது புதிய சிந்தனையும் அன்று. அமெரிக்காவில் 1969ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட 'செசமி ஸ்ட்ரீட்' என்ற சிறுவர் தொலைக்காட்சி நிகழ்ச்சி அதன் மீதே கட்டியெழுப்பப்பட்டது. எழுத்தறியாத குழந்தைகள் விளம்பரப் பாடல்களை மனனமாக ஒப்பிப்பதைக் கண்ட அதன் படைப்பாளர்கள், பொருட்களை விற்கும் அதே முறையில் எழுத்துகளையும் எண்களையும் விற்க முற்பட்டனர். நிகழ்ச்சியின் முடிவில், அன்றைய நிகழ்ச்சியை வழங்கியது இன்ன எழுத்து என்று, வணிக நிறுவனத்தின் பெயரைக் கூறுவது போன்றே அறிவித்தனர்.

அடுத்தது பாடல். செவிவழிக் கற்றல் எமது இரு சமூகங்களுக்கும் புதிதன்று. திருஞானசம்பந்தரின் பதிகம் பெற்ற திருக்கோணேஸ்வரத்தின் அயலில் வாழும் சைவப் பிள்ளைகள் தேவாரத்தைப் பாடியே கற்கின்றனர். முஸ்லிம் பிள்ளைகள் அல்குர்ஆனை ஓதலின் ஒலியொழுங்கு பிறழாது செவியில் வாங்கி, நாவில் இருத்திக் கொள்கின்றனர். திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் வாழும் போர்த்துக்கேயப் பறங்கியர், போர்த்துக்கேயர் ஆட்சி இங்கு முடிவுற்று ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுகள் கழிந்த பின்னரும், தமது கிரியோல் மொழியை இல்லப் பேச்சிலும் பாட்டிலும் காத்து வந்துள்ளனர். பாடநூலோ பரீட்சையோ இன்றி ஒரு மொழி இத்தனை காலம் வாழ்ந்ததில் பாட்டுக்குப் பெரும் பங்குண்டு.

ஆங்கிலப் பாடல் மாணவருக்கு அளிப்பது ஓசையை. தமிழ் எழுத்து முறையில் பகரமும் அதன் அதிர்வொலியும் ஒரே எழுத்தால் குறிக்கப்படுவதால், ஆங்கிலத்தில் அவ்வேறுபாடு எமது பிள்ளைகளுக்குத் தடுமாற்றம் தருகிறது. ஆங்கிலச் சொல்லின் எந்த அசையை அழுத்திச் சொல்வது என்பதும் அச்சிட்ட பக்கத்தில் தெரிவதில்லை. பாடலின் தாளமோ அழுத்தம் விழ வேண்டிய இடத்தைப் பெரும்பாலும் தானே காட்டிவிடும். ஆசிரியர் செய்ய வேண்டியவை சிலவே. பாடலை முதலில் ஒருமுறை வெறுமனே கேட்கச் செய்தல். சில சொற்கள் நீக்கப்பட்ட வரிகளைக் கொடுத்து, மீண்டும் கேட்டு நிரப்பச் செய்தல். வரிகளை முறைமாற்றிக் கொடுத்து ஒழுங்குபடுத்தச் செய்தல். இறுதியில் சேர்ந்து பாடுதல். இதற்கு ஒரு கையடக்கத் தொலைபேசியும் ஓர் ஒலிபெருக்கியும் போதுமானவை.

இங்கு ஓர் எச்சரிக்கை அவசியம். 2011ஆம் ஆண்டு வெளியாகி உலகெங்கும் பரவிய 'கொலவெறி' பாடலை நினைவுகூர்வோம். அது தமிழ்ப் பேச்சோசையில் கோக்கப்பட்ட ஆங்கிலச் சொற்களால் நிறைந்தது. அதனை ரசித்தவர்களிடம் ஆங்கிலச் சொற்கள் இல்லாமல் இல்லை. இல்லாதது வாக்கியமே. கேட்பதனால் மாத்திரம் வாக்கியம் வந்துவிடாது. கேட்டதைப் பேசவும் எழுதவும் வைக்கின்ற ஆசிரியர் இருக்கும்போதுதான் சொல் வாக்கியமாகின்றது.

மூன்றாவது தொலைக்காட்சி. அதற்கு முன்னோடி வானொலியாகும். 1925ஆம் ஆண்டு ஒலிபரப்பைத் தொடங்கிய இலங்கை வானொலி, 1950ஆம் ஆண்டு ஆரம்பித்த வர்த்தக சேவையின் மூலம் எல்லை கடந்து புகழ் பெற்றது. எமது தலைமுறையினர் பலர் ஆங்கில உச்சரிப்பைப் பழகியது அதன் ஆங்கில ஒலிபரப்பிலிருந்தும் கிரிக்கெட் நேர்முக வர்ணனையிலிருந்துமே. 1979இல் சுயாதீனத் தொலைக்காட்சியும் 1982இல் ரூபவாஹினியும் வந்த பின்னர் அந்த இடத்தைத் திரை பிடித்துக் கொண்டது. இன்று பிள்ளைகளின் கையிலுள்ள தொலைபேசித் திரையும் அதனுடன் சேர்ந்துள்ளது.

திரையிலிருந்து மொழி கற்பதற்குரிய திறவுகோல் அடியில் ஓடும் எழுத்து வரியாகும். இந்தியாவின் பிரிஜ் கோத்தாரி என்ற ஆய்வாளர், அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் பயின்ற காலத்தில் ஸ்பானியத் திரைப்படமொன்றைப் பார்த்தபோது, ஆங்கில மொழிபெயர்ப்புக்குப் பதிலாக ஸ்பானிய வரிகளே திரையில் ஓடியிருந்தால் அம்மொழியை இலகுவாகக் கற்றிருக்கலாமே என்று எண்ணினார். பின்னர் அகமதாபாத் இந்திய முகாமைத்துவ நிறுவகத்தில் 1996ஆம் ஆண்டு அவ்வெண்ணத்தை ஆய்வாக்கினார். தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகும் திரைப்பாடல்களின் வரிகளை, பாடப்படும் அதே மொழியில், பாடும் வேகத்திலேயே திரையில் காட்டும் முறை அவ்வாறு உருவாயிற்று. 1999இல் குஜராத் தூர்தர்ஷனிலும் பின்னர் இந்தியா முழுவதற்குமான நிகழ்ச்சியிலும் அது இடம்பெற்றது. செவியில் விழும் சொல்லைக் கண் தானாகவே பின்தொடர்கிறது என்பதே இதன் தத்துவம். ஆங்கில நிகழ்ச்சியை ஆங்கில வரிகளுடன் பார்க்கும் மாணவருக்கும் அதே பயன் கிட்டும். ஐந்து நிமிடக் காட்சியை மூன்று முறை பார்ப்பது, இரண்டு மணிநேரப் படத்தை ஒருமுறை பார்ப்பதைவிட மேலானது.

இவை அனைத்துக்கும் பெற்றோரிடமிருந்து நியாயமான ஆட்சேபங்கள் எழக்கூடும். பண்பாட்டுக்கு ஒவ்வாத காட்சிகளும் வரிகளும் பிள்ளைகளைச் சென்றடையுமே என்பது ஒன்று. தெரிவு ஆசிரியரின் கையில் இருக்கும் வரை இதற்கு அஞ்ச வேண்டியதில்லை. இசை குறித்து மார்க்க ரீதியான தயக்கமுள்ள இல்லங்களுக்கு விளம்பரமும் செய்தியும் கிரிக்கெட் வர்ணனையும் போதுமானவை. அத்துடன் யூசுப் இஸ்லாம், தென்னாபிரிக்காவின் சைன் பீக்கா போன்றோர் சிறுவருக்காக ஆங்கிலத்தில் பாடிய இஸ்லாமிய கீதங்களும் உள்ளன. ஆங்கிலம் தமிழை விழுங்கிவிடும் என்ற அச்சம் மற்றொன்று. தாய்மொழியில் பொருள் உணர்ந்து, ஆங்கிலத்தில் சொல் தேடும் மாணவன் இரு மொழிகளையும் வேறுபடுத்தி அறிகிறான். அவ்வாறு கற்பிக்கப்படாதவனே இரண்டையும் கலந்து, இரண்டிலும் குறைப்படுகிறான்.

உண்மையான தடை பரீட்சையில் உள்ளது. 2009ஆம் ஆண்டை ஆங்கிலத்துக்கும் தகவல் தொழில்நுட்பத்துக்குமான ஆண்டாக அரசு அறிவித்தபோது, ஆங்கிலத்தை எமது பாணியிலேயே துணிந்து பேசுவோம் என்ற கோஷம் முன்வைக்கப்பட்டது. கோஷம் பேச்சைக் கோரியது. சாதாரண தரப் பரீட்சையோ நெடுங்காலமாக எழுத்தை மாத்திரமே கோரி வந்துள்ளது. கேட்டலுக்கும் பேசலுக்கும் புள்ளி இல்லாத இடத்தில், ஒரு பாடலுக்காகவோ காட்சிக்காகவோ பாடவேளையைச் செலவிட ஆசிரியர் தயங்குவதைக் குறைகூற இயலாது.

எனவே, பரீட்சை மாறும்வரை காத்திராது பாடசாலை மட்டத்தில் செய்யக்கூடியவற்றை நாம் இங்கு முன்வைக்கின்றோம். வாரத்தில் ஒரு பாடவேளையைக் கேட்டலுக்கும் பேசலுக்கும் ஒதுக்கலாம். தவணைப் பரீட்சையில் அதற்குச் சில புள்ளிகளையேனும் வழங்கலாம். வீட்டில் எறியப்படும் பொதிகளையும் உறைகளையும் மாணவரே கொண்டுவந்து சுவரில் ஒட்டி, ஒவ்வொரு சொல்லுக்கும் தமிழில் பொருள் எழுதலாம். ஆங்கில ஆசிரியர் பற்றாக்குறை உள்ள பாடசாலைகளுக்கு, ஏற்ற பாடல்களையும் காட்சிகளையும் பயிற்சித் தாள்களையும் வலயக் கல்விப் பணிமனையின் ஆசிரிய ஆலோசகர்கள் தொகுத்து வழங்கலாம். தொலைக்காட்சி நிலையங்கள் தமது ஆங்கில நிகழ்ச்சிகளில் ஆங்கில வரிகளை ஓடவிட்டால், தனியார் வகுப்புக்குச் செல்ல வசதியற்ற பிள்ளைக்கு அது பேருதவியாகும்.

இவற்றுக்குப் பெருந்தொகைப் பணம் தேவையில்லை. ஆசிரியர் ஒருவர் லைஃப்போய் உறையைக் கையில் ஏந்தி, இச்சொல் எதைக் குறிக்கிறது என்று கேட்பதே தொடக்கமாக அமையலாம். குச்சவெளிக் கரையில் பிறந்த பிள்ளை அவ்விடையை அறியும் நாளில், தனக்கு அந்நியமென எண்ணிய ஒரு மொழி, தான் நன்கறிந்த கடலைப் பற்றியே இத்தனை நாளும் பேசிக் கொண்டிருந்தது என்பதையும் அறிந்துகொள்ளும்.