ஒரு வீட்டில் மூன்று வகுப்புகள்

2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் கொவிட் நோயின் பொருட்டு இலங்கைப் பாடசாலைகள் மூடப்பட்டபோது, தாய்மார் பலர் ஒரே நாளில் ஆசிரியைகளாயினர். அவர்களைத் திகைக்கவைத்தது பாடங்களின் கடுமை மாத்திரமன்று. எழுத்தறியாத பாலகனும், வாய்ப்பாடு மனனஞ் செய்யும் சிறுமியும், பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்யும் தமையனும் ஒரே விறாந்தையில் ஒருங்கே அமர்ந்திருந்தனர். யாருக்கு முதலிற் சொல்லிக்கொடுப்பது?

வயதின்படி பிள்ளைகளைப் பிரித்து வகுப்புக்கு ஓர் ஆசிரியரை வைப்பது நமக்குப் பழகிவிட்டபடியால், கல்வியின் இயற்கையே அதுவென எண்ணுகிறோம். நம் முன்னோரின் திண்ணைப் பள்ளியில் ஆசிரியர் ஒருவரே. மணலில் விரலால் அகரம் எழுதுபவனும், எண்சுவடி ஒப்பிப்பவனும், நிகண்டு பாடஞ் செய்பவனும் அவர் முன்னிலையிற் கூடியிருந்தனர். முதிர்ந்த மாணாக்கனாகிய சட்டாம்பிள்ளை இளையோருக்குச் சொல்லிக்கொடுப்பான்.

ஸ்கொத்துலாந்து தேசத்தவரான அன்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், 1789ஆம் ஆண்டு தொடக்கம் சென்னை எழும்பூரில், படைவீரரின் அநாதைப் பிள்ளைகளுக்கான பள்ளியை நடத்திவந்தார். உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு, அதனைத் தம் பள்ளியிலும் புகுத்த விரும்பினார். உதவியாசிரியர் இணங்கவில்லை. எனவே, எட்டு வயதுச் சிறுவன் ஒருவனிடம் அரிவரி வகுப்பை ஒப்புவித்தார். அவன் அதனைத் திறம்பட நடத்தினான். 1797இல் பெல் வெளியிட்ட நூலின் வழியாக அம்முறை 'சென்னை முறை' என்னும் பெயருடன் இங்கிலாந்திற் பரவிற்று. அப்புகழில் நமது சட்டாம்பிள்ளைக்கு உரிய பங்கு எவ்வளவு என்பது வேறு விவாதம்.

ஆனால், ஓர் ஆசிரியரின்கீழ் நூற்றுக்கணக்கான பிள்ளைகளைக் கூட்டி, சிறுவரைக் கொண்டே பாடம் நடத்தியபோது அம்முறையின் குறையும் வெளிப்பட்டது. சிறுவன் பாடத்தை ஒப்பிக்கச் செய்வான். மற்றவனுக்கு அது ஏன் விளங்கவில்லை என்பதை அறியான். நம் வீடுகளிலோ இன்னோர் ஆபத்தும் உண்டு. மூத்த பெண்பிள்ளையைத் தம்பி தங்கையரின் ஆசிரியையாக்கிவிட்டால், அவளுடைய புத்தகம் நாள் முழுதும் மூடியே கிடக்கும். அரைமணி நேர உதவிக்கு மேல் அவளிடம் கேட்பது நியாயமன்று.

ஆகவே, சேர்ந்து கற்பவை எவை, தனித்துக் கற்பவை எவை என முதலிற் பிரித்துக்கொள்ளல் வேண்டும். கதை, பாட்டு, தோட்டத்துச் செடிகொடிகள், ஊர்வரலாறு என்பன எல்லோருக்கும் பொது. அவரவர் தத்தம் அளவுக்கு ஏற்றதை எடுத்துக்கொள்வர். வாசிப்பும் கணக்கும் படிப்படியாக ஏறுவன. ஒரு படி தவறினால் அடுத்தது எட்டாது. இவற்றுக்குத் தாய் ஒவ்வொரு பிள்ளையுடனும் கால்மணி நேரமாவது தனியே இருத்தல் நன்று. கடைக்குட்டியிலிருந்து தொடங்குக, காத்திருக்கத் தெரியாதவன் அவனே.

எனினும் கணக்கிலும் ஒரே பொருள் மூவருக்கும் பயன்படக்கூடும். மத்தியான உலைக்கு அரிசி அளக்கும்போது சின்னவன் சுண்டுகளை எண்ணட்டும். நடுவிலாள் ஒரு கிழமைக்கு எத்தனை சுண்டு வேண்டுமெனப் பெருக்கட்டும். மூத்தவன் ஒரு சுண்டின் நிறையை அறிந்து, கிலோ விலையைக் கொண்டு மாதச் செலவைக் கணிக்கட்டும்.

எல்லாவற்றிலும் கடினமானது, இளையவன் மூத்தவனை முந்திவிடுவதாகும். பத்து வயதுப் பிள்ளை எழுத்துக் கூட்டித் தடுமாறும் பக்கத்தை ஏழு வயதுத் தங்கை கடகடவென்று வாசித்தால், அவன் புத்தகத்தையே வெறுக்கத் தொடங்குவான். இருவரையும் ஒரே பக்கத்தை உரக்க வாசிக்கும்படி ஒருபோதும் பணித்தலாகாது. அவனுக்கு வேண்டியது எளிய புத்தகங்களில் நிறைந்த பயிற்சி. அதனை நேரே கொடுத்தாலோ, குழந்தைப் புத்தகமென்று நாணுவான். வீட்டில் நாலு வயதுக் குழந்தை இருக்குமாயின் வழி பிறந்தது. “இவனுக்கு இந்தக் கதையை வாசித்துக் காட்டு ராசா” என்று கேளுங்கள். அப்போது அவன் சிறுபிள்ளைப் பாடம் படிப்பவனல்லன். தம்பிக்குக் கதை சொல்லும் அண்ணன். தாய் பக்கத்தில் காய்கறி அரிந்துகொண்டு காதை மட்டும் அங்கே வைத்திருக்கலாம். எந்தச் சொல்லிற் தடுமாறுகிறான் என்பதை மனத்திற் குறித்துக்கொண்டு, மறுநாள் அவனுக்குரிய கால்மணி நேரத்தில், மற்றவர் கேளாவண்ணம் அதனை எடுத்துக்கொள்வாளாக.