காலை 8.30 மணிக்கு வரும் மதிப்பெண்

1884-ல் அமெரிக்க ராணுவத்தின் சிக்னல் பிரிவைச் சேர்ந்த ஜான் ஃபின்லி, எங்கெங்கே டொர்னாடோ என்ற சுழல்காற்று வரும், எங்கே வராது என்று மூன்று மாதம் கணித்தார். மொத்தம் 2,803 கணிப்புகள். 96.6 சதவீதம் பலித்தன. நாடே வியந்திருக்க வேண்டியதுதான். ஆனால் கணக்குத் தெரிந்த ஒருவர் குறுக்கே வந்தார். கண்ணை மூடிக்கொண்டு 'எங்கும் வராது' என்றே சொல்லியிருந்தால் 98.2 சதவீதம் பலித்திருக்கும், ஏனென்றால் டொர்னாடோ வந்ததே 51 முறைதான் என்றார்.

அவர் சொன்னது சரி. ஆனாலும் ஃபின்லியைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. 'வரும்' என்று அவர் எச்சரித்த 100 முறையில் 28 முறை நிஜமாகவே வந்தது. அத்தனை அபூர்வமான ஒன்றை அந்தக் காலத்தில் அந்த அளவுக்குச் சொன்னதுதான் திறமை. சித்திரை வெயிலில் 'நாளை சென்னையில் மழை இல்லை' என்று யாரும் சொல்லிவிடலாம். ஐப்பசியில், வங்கக் கடலில் தாழ்வுப் பகுதி நிற்கும்போது, மழை கடலூருக்கா சென்னைக்கா என்று சொல்வதில்தான் ஆள் தெரியும்.

இன்று கணினி மாதிரிகள் பல வந்துவிட்டன. ஒன்று புயல் வடக்கே போகும் என்கிறது, இன்னொன்று கரையோரமே நிற்கும் என்கிறது. எந்த மாதிரி எந்தச் சூழலில் சறுக்கும் என்பது அனுபவசாலிக்குத் தெரியும். அந்த அனுபவம் சீக்கிரம் சேர ஒரு காரணம் உண்டு. நம் நாட்டில் தினமும் காலை 8.30 மணிக்கு மழைமானியைப் பார்த்து 24 மணி நேர மழையைக் குறிக்கிறார்கள். நேற்றுச் சொன்னதற்கு இன்று காலையே மதிப்பெண் வந்துவிடுகிறது. வேறு எந்தத் தொழிலில் இப்படித் தினசரித் தேர்வு இருக்கிறது? '70 சதவீத வாய்ப்பு' என்று சொன்ன நாட்களில் பத்துக்கு ஏழு நாள் மழை பெய்தால், அப்படிக் கணித்தவர் தேர்ந்தவர். மிகையான உறுதியோடு சொல்லித் தவறினால் மதிப்பெண்ணை அதிகமாகக் குறைக்கும் முறையை 1950-லேயே வானிலை ஆய்வாளர் கிளென் பிரையர் வகுத்துவிட்டார்.

இத்தனைக்குப் பிறகும் வானம் ஏமாற்றும். 2021 டிசம்பர் 30 அன்று சென்னையின் சில இடங்களில் 20 செ.மீ.க்கு மேல் கொட்டியது, எதிர்பார்த்ததைவிட மிக அதிகம்.

வானிலை அறிக்கையில் 'ஓரிரு இடங்களில் மழை' என்றால், அந்தப் பகுதியின் மழைமானிகளில் அதிகபட்சம் கால் பங்கில் மழை பதிவாகும் என்று பொருள். உங்கள் தெரு மீதி முக்கால் பங்கில் இருக்கலாம். அதற்காகச் சொன்னவரைத் திட்டிவிடாதீர்கள்.