ஆம்பூரின் பழைய பெயரைச் சொன்ன கல்!

ஆம்பூர் என்றதும் உங்களுக்கு எது நினைவுக்கு வரும்? தோல் தொழில், காலணி, பிரியாணி!

ஆனால் சுமார் 1,100 ஆண்டுகளுக்கு முன் அந்த ஊரில் ஒரு சண்டை நடந்தது. எதற்காகத் தெரியுமா? மாடுகளுக்காக! இதைச் சொல்வது ஏடு அல்ல, இரண்டு கற்கள்.

மாடு பிடிக்க வந்த படை

அது பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 26-ம் ஆட்சி ஆண்டு. ஊர் மாடுகளைக் கவர்ந்து செல்ல நுளம்பன் படை வந்தது. அந்தக் காலத்தில் மாடுதான் செல்வம். "மாடு" என்ற சொல்லுக்கே செல்வம் என்ற பொருள் உண்டு. மாடு போனால் ஊர் பிழைக்குமா?

பிருதிகங்கரையர் என்ற தலைவரின் பக்கத்து வீரர்கள் எதிர்த்து நின்றார்கள், உயிரை விட்டார்கள். அவர்கள் நினைவாக நட்டவைதான் அந்தக் கற்கள். இப்படிப்பட்ட கல்லுக்கு நடுகல் என்று பெயர்.

அந்தக் கற்களில் ஊரின் பெயர் "ஆமையூர்" என்று இருக்கிறது. அதுதான் இன்றைய ஆம்பூர்!

ஜெர்மானிய அறிஞர் ஹுல்ஷ் இந்த எழுத்துக்களைப் படித்து, 1896-97-ம் ஆண்டு வந்த "எபிகிராபியா இண்டிகா" 4-ம் தொகுதியில் வெளியிட்டார். அதனால் பழைய பெயர் பிழைத்தது.

கடல் கடந்து வந்தவர்

அவருக்கும் முன்பே ஊர் ஊராகச் செய்தி சேகரித்தவர் ஒருவர் உண்டு. அவர் கர்னல் மெக்கன்சி. ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில் பிறந்தவர். கேலிக் மொழி வழங்கும் தீவு அது. அங்கே காலனிஷ் என்ற இடத்தில், சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன் நட்ட கற்கள் இன்றும் நிற்கின்றன.

மெக்கன்சி 1815-ல் இந்தியாவின் முதல் சர்வேயர் ஜெனரல் ஆனார். நிலத்தை அளந்ததோடு அவர் நிற்கவில்லை. கல்வெட்டுகளையும் ஊர் வரலாறுகளையும் சேர்த்தார். அவருக்குக் கைகொடுத்தவர்கள் காவலி வெங்கட போரய்யாவும் அவருடைய தம்பிகளும்.

பின்னாளில் ஸ்காட்லாந்தை அளந்தவர்களும் ஒரு நல்ல வேலை செய்தார்கள். மலை, ஓடை, ஊர் எதுவானாலும் பெயரை எழுதி, அதைச் சொன்ன உள்ளூர்க்காரரின் பெயரையும் பக்கத்திலேயே குறித்தார்கள்!

கல்லைப் படிப்பது எப்படி?

முதலில் கல்லைக் கழுவுவார்கள். ஈரத்தாளை அதன்மேல் ஒட்டித் தூரிகையால் தட்டுவார்கள். தாள் எழுத்தின் பள்ளத்தில் பதியும். பிறகு மை ஒற்றினால், கறுப்பு நடுவே எழுத்து வெள்ளையாகத் தெரியும். செங்கம் பக்கத்து நடுகற்களை இப்படிப் படித்துத்தான், தமிழ்நாடு தொல்லியல் துறை 1972-ல் "செங்கம் நடுகற்கள்" என்ற நூலை வெளியிட்டது.

உங்கள் ஊரிலும் இருக்கலாம்!

சில ஊர்களில் நடுகல்லை வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். அதனால் அது பிழைத்திருக்கிறது. கவனிப்பார் இல்லாத கல்லோ, துணி துவைக்கும் கல்லாகலாம். வீட்டுக்கு அஸ்திவாரமும் ஆகலாம். உடைந்தால், உயிர் கொடுத்தவன் பெயரும் போகும். ஊரின் பழைய பெயரும் போகும்.

ஆகவே, வாள் ஏந்திய வீரன் உருவம் உள்ள கல்லைக் கண்டால் பெயர்க்காதீர்கள், சுண்ணாம்பு பூசாதீர்கள். தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள். ஏரிக்கும் மேட்டுக்கும் பெரியவர்கள் சொல்லும் பெயர்களை இன்றே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். யார் சொன்னது என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்!