வெண்ணெய்ப் பழக் கன்றும் வேரழுகலும்

கொடைக்கானலின் கீழ்மலைத் தோட்டங்களில் காப்பிச் செடிகளிடையே ஓங்கி நிற்கும் வெண்ணெய்ப் பழ மரத்தை நம்மிற் பலர் அறிவர். அங்குள்ள தடியன்குடிசை ஆராய்ச்சி நிலையத்தில் உருவானதே டி.கே.டி.1 என்னும் வகை. ஊரிலிருந்து வந்த பழத்தின் கொட்டையை டாக்குரியாவில் மாடித் தொட்டியொன்றில் ஊன்றிப் பார்க்கும் ஆவல் நம்மவர்க்கு எழுவது இயல்பே. குளிர்மலை மரமாதலின் வங்கத்து வெப்பத்தில் அது காய்க்குமா என்பது வேறு கேள்வி. காய்ப்பதற்கு முன் கன்று பிழைக்க வேண்டுமன்றோ?

கொட்டை எளிதில் முளைத்துவிடும். ஆபத்து மழைக்காலத்தில் வருகிறது. இலைகள் வெளிறித் தொங்குகின்றன. நீர் போதவில்லை என்றெண்ணி மேலும் ஊற்றுவோர் பலர். அதுவே கன்றுக்கு எமனாகிறது. காரணம், பைட்டோப்தோரா சின்னமோமி என்னும் நுண்ணுயிர். 1922-ஆம் ஆண்டில் சுமத்ராவின் இலவங்கப்பட்டை மரங்களிலிருந்து இது முதன்முதலாக விவரிக்கப்பட்டது. பூஞ்சணம் போலத் தோன்றினும் பாசியினத்துக்கு உறவானது. மண்ணில் நீர் தேங்கும்போது இதன் வித்துகள் நீந்திச் சென்று உணவு தேடும் மெல்லிய வேர்களைப் பற்றி அழுகச் செய்கின்றன. வேரற்ற செடி ஈரத்தின் நடுவிலேயே தாகத்தால் வாடுகிறது!

இப்பகைவனை எதிர்க்கும் நண்பனும் மண்ணிலேயே உண்டு. டிரைக்கோடெர்மா எனும் பச்சைப் பூஞ்சணம் வேரைச் சூழ்ந்து முன்னதாகவே இடம் பிடித்துக்கொள்கிறது. பகைவனின் இழைகளைச் சுற்றிப் படர்ந்து, அவற்றின் சுவரைக் கரைக்கும் நொதிகளைச் சுரக்கிறது. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில், மட்கு நிறைந்த தோட்டமொன்றில் நோய்க்கிருமி இருந்தும் மரங்கள் செழித்திருந்ததை 1970-களில் அறிஞர் ஆராய்ந்தனர். மண்ணின் நல்லுயிர்களே அங்கு காவல் புரிந்தன.

வயல்களுக்கு 50 கிலோ மக்கிய தொழுவுரத்தில் 2½ கிலோ டிரைக்கோடெர்மா விரிடிப் பொடி கலப்பது வழக்கம். அக்கணக்கில் தொட்டிக்கு ஒரு கிலோ எருவுக்கு 50 கிராம் ஆகும். கலவையை லேசாக நனைத்து, சாக்கிட்டு மூடி, நிழலில் பத்துப் பதினைந்து நாள் வைத்துப் பின் மண்ணுடன் சேர்க்கலாம். பொடி உயிருள்ள பொருள். காலாவதித் தேதி பார்த்தே வாங்குக. பூஞ்சணக்கொல்லி மருந்தை உடன் ஊற்றினால் நண்பனும் மடிவான். நடுமுன் கொட்டையை 50 பாகை செல்சியசு வெந்நீரில் அரைமணி நேரம் அமிழ்த்தி எடுத்தால் விதைவழி நோய் வாராது.

அழுகிய வேரை இப்பூஞ்சணம் மீட்காது. கன்று நலமாயிருக்கும்போதே இட வேண்டும். வங்கத்துக் களிமண்ணில் மணலும் மட்கும் தாராளமாகக் கலந்து, தொட்டியைச் செங்கல்மேல் ஏற்றி, அடியிலுள்ள தட்டை ஆனி பிறக்குமுன் அகற்றிவிடுக.